இரண்டு பக்க நரம்பும் ஓர் ஏக்கர் நிலமும்

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தவை இவை. அதிர்ச்சிகளின் நேரம் அப்பாவின் நெஞ்சுக்குள் இருக்கும் கருவி பதிந்து வைத்தது. மற்றவை அம்மாவும் மாமாவும் சொன்னவை.

1. காலை ஒன்பதரை மணிக்கு அப்பா மண்வெட்டியுடன் வயலில் இறங்கினார். செய்யவே கூடாது என்று நான்கு வருடமாகச் சொல்லப்பட்டிருந்த வேலை அது.

2. பத்து மணிக்கு வருவாய் ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து வரப்பில் நின்றார்.

3. 10.12க்கு அப்பாவின் இதயம் நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து முறை துடித்தது. கருவி அதிர்ச்சி கொடுத்தது. அப்போது அவர் பம்பு மோட்டாரின் இரும்புக் குழாயைப் பிடித்திருந்தார்.

4. மோட்டாரில் கரண்ட் கசிகிறது என்று நினைத்த மாமா ஒரு காய்ந்த மூங்கில் கழியை எடுத்து, அப்பாவின் கையில் ஓங்கி அடித்துக் குழாயிலிருந்து விலக்கினார். பக்கத்து வயல்காரர் ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கினார்.

5. 10.14க்கு இரண்டாவது அதிர்ச்சி. இப்போது அப்பா வரப்பில் கிடந்தார். எந்த இரும்பையும் தொடவில்லை. மாமா மறுபடியும் கழியை ஓங்கினார். அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள்.

6. குடவாசல் அரசு மருத்துவமனைக்குள் கொண்டுபோவதற்குள் மேலும் மூன்று.

7. அங்கிருந்து ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் வரும் வழியில் இன்னும் மூன்று.

8. தஞ்சாவூரில் வண்டியிலிருந்து இறக்கும்போது ஒன்பதாவது.

ஒன்பதாவதை நான் நேரில் பார்த்தேன். அவரைக் கொண்டுவந்த மருத்துவமனையின் இதயப் பிரிவில்தான் நான் டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். ஈசிஜி எடுப்பது, எக்கோவுக்கு உதவுவது, நெஞ்சில் பொருத்திய கருவிகளின் பதிவைப் படித்து டாக்டருக்குச் சொல்வது, இவை என் வேலைகள். கருவியைப் படிக்கும் இயந்திரத்தை நான் தள்ளிக்கொண்டு போனபோது அப்பாவின் உடம்பு ஸ்ட்ரெச்சரிலிருந்து அரை அடி எழும்பி விழுந்தது. முழு நினைவோடு இருந்தார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “போதும்னு சொல்லும்மா அதுக்கிட்ட.”

நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயத்தின் முன்சுவரில் தழும்பு விழுந்தது. தழும்பு விழுந்த இதயம் திடீரென்று தறிகெட்டுத் துடிக்கும் என்பதால், அப்படி ஆனால் மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்கும் கருவியை இடது தோளுக்குக் கீழே வைத்திருந்தார்கள். வீட்டில் அதற்கு மிஷின் என்று பெயர். நான்கு வருடத்தில் அது ஒரே ஒரு முறைதான் வேலை செய்திருந்தது. அந்த ஒரு காலையில் ஒன்பது முறை.

அவர் ஏன் வயலில் இறங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இருப்பது ஓர் ஏக்கர். தாத்தா பண்ணையாளாக இருந்தவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிலிருந்து எடுத்த நிலத்தில் ஓர் ஏக்கருக்கு அவருக்குப் பட்டா கொடுத்தார்கள். மேடை போட்டு, கட்சிக் கொடி கட்டி, மந்திரி கையால் கொடுத்த பட்டா. அதன் பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சடித்திருந்தன. விற்கக் கூடாது. அடுத்தவருக்கு விடக் கூடாது. தானே பயிரிட வேண்டும்.

மாரடைப்புக்குப் பிறகு உழவும் வரப்பு வெட்டுவதும் மாமாவின் வேலையாயிற்று. மாமா என்றால் அம்மாவின் தம்பி. இதை வைத்து, பழைய பண்ணை வீட்டின் வாரிசு ஒருவர் மனு கொடுத்திருந்தார். பட்டாதாரர் பயிரிடவில்லை, நிலம் கைமாறிவிட்டது, அரசு செய்த நில ஒப்படைப்பை ரத்து செய்ய வேண்டும் என்று. ஆய்வாளர் நேரில் பார்க்க வரும் நாள் அந்தச் செவ்வாய். ஆய்வாளர் வரும்போது தன் கையில் மண்வெட்டி இருக்க வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பேன் என்று தெரியும்.

மாமாவுக்கு இந்த மனுவைப் பற்றிக் கவலையே இல்லாமல் இருந்தது. ஆளும் கட்சியில் அவர் கிளைச் செயலாளர். ஒரு போன் போட்டால் போதும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போட்ட பிறகுதான் தெரிந்தது, மனு கொடுத்தவரும் அதே கட்சி என்று. “அவரு ஒன்றியம், நான் கிளை,” என்றார் மாமா. “கெளைய வெட்டுறதுக்கு யாரைக் கேக்கணும்?”

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதலில் மருந்துகள் கொடுத்தார்கள். துடிப்பை அடக்கும் ஊசி, அட்ரினலினைத் தடுக்கும் ஊசி, இரண்டும் ஏறிக்கொண்டிருந்தன. நான் பதிவுத்தாளை நீளமாகக் கிழித்து மேசையில் பரப்பி, ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தேன். முதல் முறை தறிகெடுவதற்குச் சற்று முன் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. இரண்டாவதுக்கு முன் நூற்று முப்பது. ஐந்தாவதுக்கு முன் நூற்று நாற்பது. அதிர்ச்சி இதயத்தை நேராக்குகிறது. ஆனால் அதிர்ச்சி வாங்கிய மனிதன் பயப்படுகிறான். அடுத்தது எப்போது என்று காத்திருக்கிறான். அந்தப் பயம் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள நரம்புகள் வழியாக மறுபடி இதயத்தில் போய் இறங்குகிறது. தழும்பு விழுந்த இதயம் மறுபடி தறிகெடுகிறது. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. அது செய்யச் செய்ய அவர் மோசமாகிக்கொண்டிருந்தார்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இதயத்தை விட்டுவிட்டு நரம்பைப் பிடிக்க வேண்டும் என்றார். கழுத்தின் அடியில், முதல் விலா எலும்புக்கு அருகே ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் அவசரச் செய்திகளில் பெரும்பங்கு அதன் வழியாகப் போகிறது. அதைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைப் போட்டால் செய்தி சில மணி நேரத்துக்கு, சிலருக்கு ஓரிரு நாள், நின்றிருக்கும். அப்பாவை அரை மயக்கத்தில் வைத்துவிட்டு, இடது கழுத்தில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். ஸ்கேன் கருவியைப் பிடித்திருந்தது நான். வெளியே போகச் சொன்னார்கள். கை நடுங்கவில்லை என்று காட்டினேன். விட்டுவிட்டார்கள்.

பத்து நிமிடத்தில் அவருடைய இடது இமை பாதி இறங்கியது. இடது கை சூடாயிற்று. மருந்து சரியான இடத்தில் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கண்ணாடி வழியாகப் பார்த்த அம்மா, பக்கவாதம் என்று நினைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே போய், கண் இறங்கினால் நல்லது என்று சொன்னேன். “நல்லதுக்கா கண்ணு எறங்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு முப்பது மணி நேரம் ஓர் அதிர்ச்சிகூட இல்லை. மயக்கத்தைக் குறைத்தார்கள். அப்பா முழுதாக விழித்து, தண்ணீர் கேட்டார்.

இந்த முப்பது மணி நேரத்தில்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். வெள்ளிக்கிழமை தாசில்தார் அலுவலகத்தில் அப்பா நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸ் இருந்தது. தேதியைத் தள்ளி வைக்கக் கேட்டு, மருத்துவமனைச் சான்றோடு ஒரு கடிதம் வேண்டும் என்றார் மாமா. டாக்டருக்கு நேரமில்லை. நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பற்றி எப்படி எழுதுவோமோ அப்படி எழுதினேன். நோய், எப்போதிலிருந்து, இதுவரை சிகிச்சை, இப்போதைய நிலை, இனி. எதையும் விடக் கூடாது என்று பழகியவள் நான். ‘இனி வயல் வேலை உள்ளிட்ட கடின உழைப்பு எதையும் இவரால் செய்ய இயலாது, கடந்த நான்கு ஆண்டுகளாகவும் செய்யக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டிருந்தார்’ என்பது ஐந்தாவது வரி. டாக்டர், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார் என்றேன். கையெழுத்துப் போட்டார். மாமா எடுத்துக்கொண்டு குடவாசலுக்குப் பஸ் ஏறினார்.

வியாழன் மாலை மருந்தின் வேகம் குறைந்தது. இமை ஏறியது. அந்த நேரம் பார்த்து மாமா திரும்பி வந்து, பார்வையாளர் நேரத்தில் உள்ளே போய், மனு கொடுத்தவரின் ஆட்கள் நம் வயலைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஒளிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அவர் படியிறங்குவதற்குள் இரண்டு அதிர்ச்சிகள். நான் மாமாவை வராந்தாவில் நிறுத்தி, இனி உள்ளே வரக் கூடாது என்றேன். “என் அக்கா புருஷனப் பாக்க எனக்கு நீ பாஸ் போடுவியா பாப்பா?” என்றார். போடுவேன் என்றேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் அங்கேயே இருந்தார்.

மறுபடி ஊசி போட்டார்கள். ஆனால் ஊசி நிரந்தரமில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளை போட்டு, அந்த முடிச்சின் கீழ்ப்பாதியையும் அதற்குக் கீழே உள்ள சில முடிச்சுகளையும் வெட்டி எடுத்துவிடலாம், இரண்டு பக்கமும் எடுத்தால் இன்னும் நல்லது என்றார் டாக்டர். நோயாளியின் சம்மதம் வேண்டும். அதை அவரிடம் பேச என்னை அனுப்பினார்கள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கழி பட்ட வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுத்திருந்தது.

“அந்த நரம்ப எடுத்துட்டா என்னாவும்?”

“பயமோ கோவமோ வந்தா மூளையிலேருந்து நெஞ்சுக்குப் போற சேதி பெரும்பாலும் நின்னுடும்ப்பா.”

“ஒரு மடைய அடைச்சா தண்ணி வேற பக்கமா வழி பண்ணிக்கும்.”

“ரத்தத்து வழியா கொஞ்சம் வரும். மெதுவா வரும். இப்புடி மொத்தமா வந்து அடிக்காது.”

“அப்ப பயம் இருக்கும். நெஞ்சு மட்டும் துடிக்காது.”

“ஆமாப்பா.”

“பொணத்துக்கும் அப்படித்தான்.”

“பொணத்துக்குப் பயம் இருக்காதுப்பா.”

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அது ஒன்றுதான் சிரிப்பு. அப்புறம், “விசாரணை என்னாச்சு?” என்றார். தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றேன். அன்றைக்கு அது உண்மை. கடிதத்தை ஏற்று இருபது நாள் தள்ளியிருந்தார்கள். பேனாவை வாங்கி, அடிபட்ட கையாலேயே முழுப்பெயரையும் எழுதினார்.

அறுவை சிகிச்சை திங்கட்கிழமை நடந்தது. முதலில் இடது பக்கம், பிறகு வலது. வெட்டியெடுத்ததை ஒரு சின்னக் குப்பியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அரிசி மணிகளைக் கோர்த்த நூல் போலிருந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். முகத்திலும் கைகளிலும் வேர்வை நின்றுவிட்டது. வெயிலில் நின்றால் மார்புக்குக் கீழே மட்டும் சட்டை நனைகிறது. ஊரில் இதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒருவர் அப்பாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, ஆபீசர் கை மாதிரி ஆகிவிட்டது என்றார். அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை.

விசாரணைக்கு மாமாவும் நானும் போனோம். எதிர்த்தரப்பு வக்கீல் புதிதாக எந்தச் சாட்சியும் கொண்டுவரவில்லை. என் கடிதத்தின் நகலை எடுத்து ஐந்தாவது வரியை வாசித்தார். நான்கு ஆண்டுகளாக வயல் வேலை செய்யக் கூடாது என்று மருத்துவமனையே சொல்கிறது, அப்படியானால் பயிரிட்டது யார் என்றார். தாசில்தார் மாமாவைப் பார்த்தார். மாமா, நான்தான் ஐயா ஒத்தாசை செய்தேன் என்றார். உறவு என்ன என்று கேட்டார். மச்சினன் என்றார். குடும்பத்தாரின் உழைப்பு என்றால் கணக்கில் வரும், மனைவியின் தம்பி குடும்பத்தில் வரமாட்டார் என்றார் தாசில்தார். மேசையில் இருந்த கடிதத்தில் என் கையெழுத்து இல்லை. வார்த்தைகள் எல்லாம் என்னுடையவை.

உத்தரவு எப்படி வரும் என்று எங்கள் இருவருக்கும் அங்கேயே தெரிந்துவிட்டது. வீட்டில் இன்னும் முடிவாகவில்லை என்று சொன்னோம். அப்படியே இரண்டு மாதம் சொன்னோம். தபால்காரரைப் பார்த்து, எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் மாமாவின் கையில் கொடுக்கும்படி சொல்லி வைத்தோம். நரம்பு வெட்டிய பிறகும் இந்தச் செய்தியை அந்த இதயம் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. புத்தகத்தில் குறையும் என்றுதான் இருக்கிறது. வராது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரே ஒரு தரம் சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம் அது.

உத்தரவு தபாலில் வரவில்லை. மார்கழியில், பயிர் பால் பிடிக்கும் நேரத்தில், கிராம உதவியாளர் நேரில் கொண்டுவந்தார். அன்று எனக்கு விடுமுறை. நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்பக்கம் வந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கியிருந்தார். பிடுங்க முடியாது. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் கடிதத்தின் ஐந்தாவது வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நாடி எழுபத்தாறு. மூன்றாம் பக்கம் முடிந்தபோது எழுபத்தெட்டு. கை வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தது.

“இத யாரு எழுதுனது?”

“நான்தாம்ப்பா.”

காகிதத்தை மறுபடி அந்த இடத்துக்குத் திருப்பி, விரலை வைத்து, இன்னொரு தரம் படித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்க,” என்றார்.

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாதபடி ஆகியிருந்தது. நெஞ்சின் நடுவே உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “கோவம் வருதும்மா. நல்லா வருது. இங்க எறங்க மாட்டேங்குது. தலையிலயே நிக்குது.”

வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். பட்டாதாரரோ அவர் குடும்பத்தாரோ நான்கு ஆண்டுகளாகப் பயிரிடவில்லை என்று போட்டிருக்கிறது என்றேன்.

“அப்ப நாலு வருசமா நாத்து நட்டது யாரு? களை எடுத்தது? ராத்தண்ணி முறைக்குப் போயி நின்னது?” என்றாள். யாரையும் பார்த்துக் கத்தவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

தினமும் காலையில் அவள் போவதையும் முழங்கால் வரை சேறோடு திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்த வீடு இது. ஆய்வாளர் வரும்போது மண்வெட்டியோடு நிற்க வேண்டியவர் தான்தான் என்று அப்பா நினைத்தார். ஒத்தாசை செய்தவன் தான்தான் என்று மாமா சொன்னார். நான் ஒரு வரியும் விடாமல் கடிதம் எழுதி, அதில் அம்மாவை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பயிரிடுகிறவர் யார் என்று யோசித்தபோது அவள் முகம் எனக்கு வரவே இல்லை. யார் பயிரிடுகிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலிலும் அவள் பெயர் இல்லை. ஆய்வாளர் வந்த அன்று அவள் பத்தடி தள்ளி நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை மாமா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, அக்காவின் காலைத் தொடப் போனார். “சும்மா கெட. கழியால அடிச்சதுக்கே இன்னும் ஒன்னய மன்னிக்கல,” என்றாள் அம்மா.

இப்போது நிலைமை இது. கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போட்டிருக்கிறோம். மனைவி நான்கு ஆண்டுகளாகத் தன் கையால் பயிரிட்டு வந்திருக்கிறார், மனைவி குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது அதன் சாரம். சாட்சி சொல்ல நான்கு நடவுப் பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருக்கிறது. ரத்து உத்தரவுக்குத் தடை கிடைக்கவில்லை. தை மாதம் நின்ற பயிரை அறுக்க விட்டார்கள். அதன் பிறகு நிலம் பதிவேட்டில் அரசு நிலமாக ஏறிவிட்டது. இந்தக் குறுவைக்கு அங்கே யாரும் நடவில்லை. அம்மா அடுத்த ஊரில் கூலிக்கு நடப் போகிறாள். அப்பாவுக்கு நரம்பு வெட்டி ஒன்பது மாதம் ஆகிறது. கருவியில் ஓர் அதிர்ச்சியும் பதிவாகவில்லை. போன வாரம் பரிசோதித்தது நான்தான்.